பிழைப்பும் வழக்கும்: வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர்

சட்டக் கல்லூரி மாணவர்களோடு உரையாடும் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு: "வன்கொடுமை வழக்குகளை நடத்திக்கொண்டே ஒரு வழக்கறிஞர் எப்படிப் பிழைப்பது?" கேட்பவர்களில் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கறுப்பு அங்கி அணியப்போகிறவர்கள். இக்கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, இது தியாகம், வருமானத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது. மற்றொன்று, முதலில் நன்றாகச் சம்பாதித்து நிலைபெறுங்கள், சமூகப் பணியைப் பிறகு பார்க்கலாம் என்பது. முதல் பதிலை நம்பியவர்கள் சில ஆண்டுகளில் களைத்துத் தொழிலைவிட்டே விலகுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதில்லை.

சொந்தத் தொழிலும் குடியுரிமைப் பணியும் ஒரே வழக்கறிஞரின் ஒரே வாழ்வில் இணைந்து நிற்க முடியும். நம் நாட்டுச் சட்ட அமைப்பில் அப்படி இணைந்து நின்றால்தான் வழக்குகள் பிழைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம். திருப்பரங்குன்றத்தில் அலுவலகம் வைத்துத் தொழில் நடத்தும் எனக்கு இதைச் சொல்ல மதுரைக்கு வெளியே சான்று தேட வேண்டிய தேவையில்லை.

ஒரு வழக்கின் ஆயுள்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலுள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களுக்கும் வாக்குப்பெட்டிக் கைப்பற்றலுக்கும் பிறகு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் ஊர் திரும்புகையில், அவரும் அவரோடு வந்தவர்களும் வழிமறிக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டனர்.

அவ்வழக்கு சேலம் அமர்வு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2006-இல் உயர் நீதிமன்றமும் 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தன. வழக்கு அத்தோடு முடியவில்லை. 2008-இல் 3 பேரும் 2019 நவம்பரில் 13 பேரும் அரசாணை மூலம் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். 1997-இல் பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்ற மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம், 22 ஆண்டுகள் கழித்து அந்த விடுதலையையும் எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார்.

இரண்டாவது வழக்கு கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2003 ஜூலை 8 அன்று, விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணம் புரிந்த கண்ணகி–முருகேசன் இணையர் நஞ்சு புகட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர். உள்ளூர்க் காவல்துறை கொலையுண்ட முருகேசனின் உறவினர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்து வழக்கைத் திசைதிருப்பியது. உயர் நீதிமன்ற ஆணையால் 2004-இல் புலனாய்வு சி.பி.ஐ. வசம் சென்றது. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர்ச் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அவர்களுள் இருவர் காவல் அதிகாரிகள். ஒருவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2022-இல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்ததோடு, முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. முருகேசன் குடும்பத்துக்காக இவ்வழக்கிலும் நெடுங்காலம் நின்றவர் பொ. இரத்தினமே.

இவ்விரு வழக்குகளின் கால அளவைக் கவனியுங்கள். இந்த ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின. அரசு வழக்கறிஞர்கள் மாறினர். ஆட்சி மாறும்போது அவர்கள் மாறுவது இயல்பு. புலனாய்வு அதிகாரிகள் இடமாற்றமும் ஓய்வும் பெற்றனர். நீதிபதிகள் மாறினர். சாட்சிகளில் சிலர் இறந்தனர், பலர் பிறழ்ந்தனர். தொடக்கம் முதல் இறுதிவரை வழக்குக் கட்டைத் தம் கையில் வைத்திருக்க இயன்றவர்கள் இருவர் மட்டுமே: பாதிக்கப்பட்ட குடும்பமும் அவர்களுடைய வழக்கறிஞரும். எந்தச் சாட்சி எந்த நாளில் என்ன சொன்னார், எந்த ஆவணம் எந்த மனுவோடு இணைக்கப்பட்டது என்னும் நினைவு அந்த வழக்கறிஞரிடமே இருக்கிறது. அவர் போய்விட்டால் வழக்கின் நினைவும் போய்விடும்.

20 ஆண்டுகள் ஒரு வழக்கைச் சுமக்க வேண்டுமெனில், அந்த வழக்கு தராத வருமானத்தை வேறு வழக்குகள் தர வேண்டும். பிழைப்பு பற்றிய கேள்வியின் அடிப்படை இதுவே.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுகள்

சாதாரணக் குற்ற வழக்கில், அமர்வு நீதிமன்றத்தில் வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர். பாதிக்கப்பட்டவர் தமக்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்தலாம். ஆனால் அவர் அரசு வழக்கறிஞரின் வழிகாட்டுதலுக்குக் கட்டுப்பட்டே செயல்பட வேண்டும். சாட்சியம் முடிந்த பிறகு, நீதிமன்ற அனுமதியோடு எழுத்துமூல வாதம் அளிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 301 இதனைச் சொல்லிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது பிரிவு 338. சாட்சியைத் தாமே குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ரேகா முரார்கா வழக்கில் தெளிவுபடுத்தியது. அரசு வழக்கறிஞர் அக்கறையோடு நடத்தினால் நல்லது. இல்லையெனில், பாதிக்கப்பட்டவர் தம் வழக்கிலேயே பார்வையாளராகிவிடுகிறார்.

பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 இந்த இடத்தில் மாறுபடுகிறது. மாணவர்களும் களப்பணியாளர்களும் மனத்தில் இருத்த வேண்டியவை நான்கு.

முதலாவது, பிரிவு 15. சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடத்த, 7 ஆண்டுகளுக்குக் குறையாமல் தொழில் நடத்திய வழக்கறிஞரை அரசு சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கலாம். அதாவது, சொந்தத் தொழில் நடத்தும் வழக்கறிஞரே பொதுப் பணிக்குள் வரும் வழியைச் சட்டம் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறது.

இரண்டாவது, 1995-ஆம் ஆண்டு விதிகளின் விதி 4(5). தேவை எனக் கருதினாலோ, பாதிக்கப்பட்டவர் விரும்பினாலோ, மாவட்ட ஆட்சியர் திறமை வாய்ந்த மூத்த வழக்கறிஞர் ஒருவரை அவ்வழக்குக்கென அமர்த்தலாம். பொருத்தமெனத் தாம் கருதும் கட்டணத்தை அவருக்கு நிர்ணயிக்கலாம். 'பாதிக்கப்பட்டவர் விரும்பினால்' என்னும் சொற்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள். தம் வழக்கை நடத்துபவரைத் தேர்ந்தெடுப்பதில் பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் குரல் தருகிறது. அதற்கான கட்டணத்தை அரசின்மேல் வைக்கிறது.

மூன்றாவது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் சேர்ந்த பிரிவு 15ஏ. ஜாமீன் உட்பட ஒவ்வொரு நடவடிக்கை பற்றியும் முன்னறிவிப்புப் பெறும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. ஜாமீன், விடுவிப்பு, பரோல், தண்டனை ஆகியவற்றில் அவரது தரப்பு கேட்கப்பட வேண்டும். தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறும் உரிமையும் இப்பிரிவிலேயே இருக்கிறது. 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில், இந்த முன்னறிவிப்பும் கேட்கப்படும் உரிமையும் கட்டாயமானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான்காவது, சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் பிரிவு 12. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வழக்கில், 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அன்று இந்தச் சட்டமும் இல்லை, பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றத்தில் இந்த இடமும் இல்லை. இன்று இருக்கிறது. இருந்தும் அது பயன்படுத்தப்படாமல் கிடப்பதே நம் காலத்தின் சிக்கல்.

கதவு திறந்தபோது நிகழ்ந்தது

பாதிக்கப்பட்டவர் விரும்பும் வழக்கறிஞர் அரசுத் தரப்பை நடத்தினால் என்ன நிகழும் என்பதை மதுரை நேரில் கண்டிருக்கிறது.

பொறியியல் பட்டதாரியான கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவரது உடல் கிடந்தது. நாமக்கல்லில் நடந்த விசாரணையில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். கோகுல்ராஜின் தாய் சித்ரா விடாமல் சட்டப் போராட்டம் நடத்தினார். 2019-இல் வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அவரது வேண்டுகோளின்படி, ஈரோடு மாவட்டம் பவானியைச் சேர்ந்த வழக்கறிஞர் ப. பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார்.

நேரடிச் சாட்சி பிறழ்ந்த வழக்கைக் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு உள்ளிட்ட சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே கட்ட வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 5 பேர் விடுவிக்கப்பட்டனர். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம். எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் 2023 ஜனவரியில் திருச்செங்கோடு கோயிலுக்கே சென்று பார்வையிட்டனர். 2023 ஜூனில் யுவராஜ் உள்ளிட்ட 8 பேரின் ஆயுள் தண்டனை உறுதியானது. எஞ்சிய இருவரின் தண்டனை 5 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

சாட்சி பிறழ்ந்தால் வழக்கு முடிந்தது என்பது கீழமை நீதிமன்றங்களில் ஊறிப்போன எண்ணம். பல்லாண்டு குற்ற வழக்குகளை நடத்தித் தேர்ந்த ஒருவர் அரசுத் தரப்பில் நின்றபோது அந்த எண்ணம் உடைந்தது. அந்தத் தேர்ச்சியை அவருக்குத் தந்தது அவரது நெடுநாள் சொந்தத் தொழில். கொலை வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எந்த ஓட்டையைத் தேடுவார் என்பதை, அந்த ஓட்டையைத் தாமே தேடிப் பழகியவர்தான் முன்கூட்டி அறிவார்.

சொந்தத் தொழில் ஏன் தேவை

அமெரிக்காவில் தர்குட் மார்ஷல் 1933-இல் பால்டிமோரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பெருமந்தக் காலம், கறுப்பின மக்களான அவரது கட்சிக்காரர்களிடம் பணம் இல்லை. 1935-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் நிறவெறிக் கதவை வழக்காடித் திறந்தார். 1936-இல் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் ஊதியம் பெறும் வழக்கறிஞரானார். 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதமெனத் தீர்ப்புப் பெற்ற பிரவுன் வழக்கு அவ்வாறு வந்தது. அங்கே ஓர் இயக்கம் தன் வழக்கறிஞருக்கு மாத ஊதியம் தந்து, அவரையே நீதிமன்றத்துக்கு அனுப்ப முடிந்தது.

இங்கே அந்த வழி நேராக இல்லை. இந்திய வழக்கறிஞர் பெருமன்றத்தின் விதி 49-இன்படி, தொழில் நடத்தும் வழக்கறிஞர் முழுநேர ஊதியப் பணியாளராக இருக்கலாகாது. ஓர் அமைப்பில் முழுநேர ஊழியராகச் சேர்ந்தால் அவர் ஆய்வு செய்யலாம், பயிற்சி தரலாம், மனு எழுத உதவலாம். அங்கி அணிந்து வாதாட இயலாது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் பட்டியலில் நிலையாகச் சேர்ந்தவரோ, காவல்துறையே குற்றவாளியாக நிற்கும் வழக்கில் அரசை எதிர்த்து நிற்க முடியாது. கண்ணகி–முருகேசன் வழக்கு அத்தகையது. எனவே இரு பக்கமும் கட்டுப்படாமல் நிற்பதற்குச் சொந்தத் தொழிலே தளம்.

அண்ணல் அம்பேத்கரின் வழக்கறிஞர் வாழ்வும் இப்படித்தான் அமைந்தது. 1923-இல் பம்பாயில் தொழில் தொடங்கிய அவர், அதையும் சட்டக் கல்லூரிப் பேராசிரியர் பணியையும் கொண்டே வாழ்ந்து, இயக்கத்தை நடத்தினார். 1927-இல் மகாட் சவுதார் குளத்துக்கு எதிராகச் சாதி இந்துக்கள் தொடுத்த வழக்கில் அவரே பிரதிவாதி. பம்பாய் உயர் நீதிமன்றம் தீண்டப்படாதோரின் நீருரிமையை ஏற்றது 1937 மார்ச் 17 அன்று. சில குவளை நீருக்கான வழக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் நடந்தது. அந்தப் பத்தாண்டில் அவரைத் தாங்கியது மற்றக் கட்சிக்காரர்களின் வழக்குகளும் கற்பித்தலும்.

நம் காலத்தில் நீதிபதி கே. சந்துரு, வழக்கறிஞராக இருந்தபோது தொழிலாளர் வழக்குகளை முதன்மையாகக் கொண்டவர். 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையச் சித்திரவதையில் மாண்ட ராஜாகண்ணுவுக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தியதும் அந்தத் தொழிலின் ஊடேதான்.

பணம் பற்றி வெளிப்படையாக

இப்பகுதியில் தொழில் நடத்தும் வழக்கறிஞர் ஒருவருக்கு வருமானம் தருபவை எவை? மோட்டார் வாகன விபத்து இழப்பீடு, பாகப்பிரிவினை, காசோலை வழக்கு, குடும்ப நல வழக்கு, ஜாமீன் மனுக்கள். இவை இழிவானவை அல்ல. பாகப்பிரிவினை வழக்கில் கற்கும் ஆவண வாசிப்பு, பஞ்சமி நில வழக்கில் உதவும். விபத்து வழக்கில் மருத்துவரை விசாரித்துப் பழகியவர், பிணக்கூராய்வு அறிக்கையைப் பார்த்து மிரளமாட்டார். ஆகவே இவ்வழக்குகளைப் பயிற்சியாகவும் முதலாகவும் கருதுங்கள்.

முதல் தலைமுறையினருக்குச் சில உரிமைகள் தெரிந்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணமாகச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் மாநில வழக்கறிஞர் மன்றங்கள் வசூலிக்கக் கூடாதென 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இளம் வழக்கறிஞர்களுக்கு மூத்தவர்கள் மாதந்தோறும் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டுமென 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. நடைமுறையில் இது எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் கேட்பதற்கு இப்போது ஓர் ஆணை இருக்கிறது.

ஒரு கோட்டை மட்டும் எக்காரணத்தாலும் தாண்டலாகாது. வன்கொடுமைச் சட்டப்படி குடும்பத்துக்கு வரும் தீருதவித் தொகையில் பங்கு கேட்பது தவறு. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு பெறுவதையும் வழக்கறிஞர் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. கணவனை இழந்தவருக்கு வரும் பணத்தில் கை வைத்த வழக்கறிஞரை அந்தச் சேரி மறக்காது. அடுத்த வன்கொடுமையில் புகார் கொடுக்கவே தயங்கும்.

செய்ய வேண்டியவை

மாணவர்களுக்கு: 7 ஆண்டுகள் என்னும் தகுதியை வெறும் எண்ணாகப் பார்க்காதீர்கள். அந்த ஆண்டுகளை விசாரணை நீதிமன்றத்தில் செலவிடுங்கள். உயர் நீதிமன்ற ரிட் மனுக்கள் விரைவில் பெயர் தரும். குறுக்கு விசாரணையைக் கற்றுத்தருவது கீழமை நீதிமன்றமே. நல்ல மூத்தவர் ஒருவரிடம் கொலை வழக்குகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டோர் தரப்பில் நின்று கற்பதிலும் குறையில்லை.

களப்பணியாளர்களுக்கு: வன்கொடுமை நிகழ்ந்த முதல் வாரத்திலேயே, விதி 4(5)-இன் கீழ்ப் பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தை எழுத்தில் ஆட்சியருக்குக் கொடுங்கள். குற்றப்பத்திரிகை வரட்டும் எனக் காத்திருக்க வேண்டாம். ஜாமீன் மனு வந்ததும், பிரிவு 15ஏ-இன்படி முன்னறிவிப்பு வந்ததா எனக் கேளுங்கள். வரவில்லையெனில் அதையே எதிர்வாதமாக வையுங்கள். சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் ஆட்சியர் மதிப்பாய்வு செய்ய வேண்டுமென்பது விதி. அந்த அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அரசுக்கு: குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை 2 மாதங்களுக்குள் விசாரணை முடிய வேண்டுமெனச் சட்டம் சொல்கிறது. அந்த வாசகத்துக்கும் கண்ணகி–முருகேசன் வழக்கின் 18 ஆண்டு விசாரணைக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து பாருங்கள். பாதிக்கப்பட்டவர் விரும்பும் வழக்கறிஞருக்கு உரிய கட்டணத்தை உரிய காலத்தில் தருவது சலுகை அன்று, சட்டக் கடமை.

இயக்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேலவளவும் புதுக்கூரைப்பேட்டையும் ஒரே வழக்கறிஞரின் தோளில் இருபது ஆண்டுகள் நின்றது அவருக்குப் பெருமை, நமக்கு எச்சரிக்கை. 2004 ஜூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்படும் வரை, மேலவளவுக்கான ஒவ்வொரு உயர் நீதிமன்ற மனுவுக்கும் சென்னை செல்ல வேண்டியிருந்தது. இன்று திருப்பரங்குன்றத்திலிருந்து நகரப் பேருந்தில் ஒத்தக்கடை சென்று மனுத் தாக்கல் செய்துவிட்டு மாலையில் திரும்பலாம். தொலைவு குறைந்திருக்கிறது, வழக்கறிஞர்களின் எண்ணிக்கை அதற்கேற்பப் பெருகவில்லை. ஒவ்வொரு வன்கொடுமை வழக்குக் கட்டையும் குறைந்தது இரண்டு தலைமுறை வழக்கறிஞர்கள் சேர்ந்து சுமக்க வேண்டும்: மூத்தவர் ஒருவர், அவருக்கு 20 வயது இளையவர் ஒருவர். மூத்தவரின் நினைவு இளையவருக்குக் கைமாறும்வரை எந்தத் தீர்ப்பும் பாதுகாப்பானதல்ல. 2019-இல் மேலவளவு வழக்கின் சிறைக்கதவு திறந்தது அதைத்தான் காட்டியது.